ஊர் காணும் உரிமை

பயணஞ் செய்வோர் பல திறத்தினர். பொருள் தேடிச் செல்வோர், கல்வி தேடிச் செல்வோர், தலங்களை நாடிச் செல்வோர், உயிருக்கு அஞ்சி ஓடுவோர் என அவர்களை வகுத்துக் கூறலாம். இவர்களுள் எவரை மறித்து, "ஏன் வந்தாய்?" என்று வினவினாலும் விடை ஒன்று கிடைக்கும். அவ்வினாவுக்கு அத்தகைய விடை எதுவுமில்லாத பயணியும் ஒருவன் உளன். அவன் ஊரைப் பார்க்க வந்தவன். வாங்குதற்கோ விற்பதற்கோ அவனிடம் எதுவுமில்லை. சந்திக்க வேண்டியவரும் எவருமில்லை. தெருக்களிலே நடந்து, கண்டதைக் கண்டு, கிடைத்ததை உண்டு, மாலையானால் நண்பரோடு மதுவருந்திக் களித்து, மறுநாள் வேறோர் ஊருக்குப் போய்விடுகிறான். இத்தகைய இளைஞரையும் யுவதியரையும் கொழும்பு மாநகரிலே இன்று நாள்தோறும் காணலாம். தம் உடைமை முழுவதையும் ஒரே பையில் அடைத்து முதுகிலே சுமந்து திரிவதால் முதுகுப்பைப் பயணிகள் என்று அவர்களை அழைக்கலாம். அவர்களைப் பற்றியும், அவர்கள் காணும் கொழும்பைப் பற்றியும், அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு கொழும்பைப் பற்றியும் சில எண்ணங்களை இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஊர் காணும் இன்பம் தமிழருக்குப் புதிதன்று. ஆற்றுப்படை நூல்களில் வரும் பாணரும் கூத்தரும் பரிசில் நாடிச் செல்வோராதலின் அவர்கள் பயணத்துக்கு வெளிப்படையான காரணம் உண்டு. ஆனால் சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்திலே ஒரு காதைக்கு 'ஊர்காண் காதை' என்றே பெயர். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, மதுரை வணிகருக்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லிக் கோவலன் நகரினுள் நுழைகின்றான். நுழைந்தவன் கண்டதெல்லாம் தெருக்கள்: பரத்தையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, துணிக்கடை வீதி, கூலக்கடை வீதி. இவற்றையெல்லாம் பார்த்து மகிழ்ந்து அவன் மதிற்புறம் திரும்பியதாக இளங்கோவடிகள் கூறுகின்றார். இடுக்கண் மிகுந்த நிலையிலும் ஒரு புதிய நகரம் மனிதனுக்குத் தரும் மகிழ்ச்சியை அடிகள் மறைக்கவில்லை. எனினும் அடுத்து நிகழ்வது யாது? ஊர் கண்டு மகிழ்ந்த அதே நகரத்தில் அவன் கள்வனெனக் குற்றஞ் சாட்டப்படுகின்றான். முறையான விசாரணை எதுவுமின்றி வெட்டுண்டு வீழ்கின்றான். "இவனை நான் அறிவேன்" என்று கூற அங்கே ஒருவரும் இலர். புதிய ஊரைக் காணும் இன்பமும், அவ்வூருக்குப் புதியவன் என்னும் இடரும் அண்டை வீடுகளில் வாழ்வன என்பதை இக்காப்பியம் போல் உணர்த்தும் நூல் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

கொழும்பு நகரமும் புதியவர்களாலேயே ஆக்கப்பட்ட ஒன்று. அராபிய வணிகரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கடல் வழியே வந்து அதனை வளர்த்தனர். மொறோக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பத்தூதா 1344ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்தபோது கொழும்பையும் கண்டு எழுதினார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண மன்னராகிய ஆரியச்சக்கரவர்த்தி. பாதமலையைத் தரிசிப்பதே தமது விருப்பமென்று பயணி கூற, மன்னர் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்நியன் ஒருவனுடைய விருப்பத்தை மன்னர் ஐயுறவில்லை. அவனுக்கு வழித்துணையே நல்கினார். இச்செய்தி நாம் நினைவில் வைத்திருக்கத்தக்கது.

இன்றைய முதுகுப்பைப் பயணிகளின் முன்னோர் 1960களிலும் 1970களிலும் வந்த ஹிப்பிகள் எனலாம். இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், டில்லி என்று தரைவழியே பேருந்துகளிலும் லொறிகளிலும் வந்த மேனாட்டு இளைஞருட் பலர் தெற்கே இராமேஸ்வரம் வரை சென்று, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிப் புகையிரதத்தில் கொழும்பை அடைந்தனர். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அதுவே இக்கடற்பாதையின் இந்தியத் துறையாக விளங்கியது. 1972இல் இலண்டனிலிருந்து புறப்பட்டு ஆசியாவைத் தரைவழியே கடந்த டோனி வீலரும் அவர் மனைவி மோரினும் 1973இல் ஒரு சிறு வழிகாட்டி நூலை வெளியிட்டனர். குறைந்த செலவில் உலகைச் சுற்றும் ஒரு தலைமுறைக்கு அந்நூலும் அதன் பின்வந்தனவும் ஆற்றுப்படைகளாக அமைந்தன. 1979இல் ஈரானிற் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்திற் சோவியத் படையெடுப்பும் நிகழவே அத்தரைப்பாதை அடைபட்டது. 1983இன் பின் எழுந்த போரினால் தலைமன்னார்க் கடற்பாதையும் மூடப்பட்டது. போர் 2009இல் முடிவுற்றபின் பயணிகள் பெருந்தொகையாக வரலாயினர். 2018ஆம் ஆண்டில் மட்டும் இலங்கைக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 23 இலட்சம் பேர். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியமை, பழைய கடற்பாதையை நினைத்திருந்தோருக்கு ஆறுதலளித்தது.

இவ்விளைஞர் கொழும்பிலே பெரும்பாலும் ஓரிரு நாட்களே தங்குவர். கண்டிக்கும் எல்லவுக்கும் அறுகம்பைக்கும் போகுமுன் இளைப்பாறும் இடமாகவே தலைநகர் அவர்களுக்குத் தோன்றுகின்றது. கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குவர். புறக்கோட்டையின் சந்தடிக்குள் புகுந்து, சிவப்பும் வெள்ளையுமாக உயர்ந்து நிற்கும் பள்ளிவாசலைப் படமெடுப்பர். கங்காராமை விகாரைக்குச் செல்வர். காலிமுகத்திடலில் இறால்வடை தின்று, சூரியன் கடலில் விழுவதைக் காண்பர். ஒரே அறையில் ஆறும் எட்டுமாகக் கட்டில்கள் அடுக்கிய மலிவான விடுதிகளிலே உறங்குவர். இருள் கவிந்ததும் மதுச்சாலை தேடிப் புறப்படுவர். ஓரிடத்தில் ஒரு கிண்ணம், மற்றோரிடத்தில் இன்னொரு கிண்ணம் என இரவு நடுவாகும்வரை நகரைக் குடித்தபடியே சுற்றுவது அவர்தம் வழக்கம்.

இதனைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்பது நம்மவர் இயல்பு. ஆயினும் பட்டினப்பாலை பூம்புகாரிற் பறந்த கொடிகளை வரிசைப்படுத்துமிடத்துக் கோயிற் கொடியையும் வாதஞ் செய்யும் ஆசிரியரின் கொடியையும் மரக்கலக் கொடியையும் கூறிவிட்டு, கள் விற்கும் கடையின் கொடியையும் கூறத் தவறவில்லை. துறைமுக நகரென்றால் கள்ளுக்கடையும் உண்டு என்பதைப் புலவர் இயல்பாகவே ஏற்றுக்கொண்டார். கொழும்பிலும் அஃதே நிலை. ஆனால் இந்நகரத்து மதுவுக்கு இரு முகங்கள் உள. துறைமுகத்தை நோக்கியிருக்கும் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல், 1864இல் தொடங்கப்பெற்ற கோல்பேஸ் ஹோட்டல், ஒல்லாந்தர் மருத்துவமனையாயிருந்து 2011இல் கடைகளும் உணவகங்களுமாக மாற்றப்பட்ட கட்டடம் ஆகியன ஒரு முகம். தெருமுனையிற் கம்பியடைத்த சிறு சாளரத்தினூடாகக் காசை நீட்டிச் சாராயப் போத்தலைப் பெறும் தவறணை மற்றொரு முகம். முன்னையதில் அமர்ந்து அருந்துவர். பின்னையதில் நின்று வாங்கி விரைந்து மறைவர். பெண்களுக்கு மது விற்றலைத் தடுக்கும் விதியொன்று 1979 முதல் இந்நாட்டில் உண்டு. 2018 சனவரியில் நிதியமைச்சர் அதனை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே சனாதிபதியின் பணிப்பினால் அது மீண்டும் வந்தது. ஹோட்டலிலே அமர்ந்திருக்கும் வெளிநாட்டு யுவதியை இவ்விதி தீண்டியதை எவரும் கண்டதில்லை. ஒரே நகரம், ஒரே சட்டம். ஆயினும் யார் எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார் என்பதைப் பொறுத்து அச்சட்டத்தின் பார்வை மாறுகின்றது. போயா தினத்தில் மட்டுமே இருசாராருக்கும் கதவுகள் ஒருங்கே மூடப்படுகின்றன.

இவற்றையெல்லாம் நான் நூல்களிற் படித்து அறிந்தேனல்லேன். ஆய்வு வேலையொன்றின் பொருட்டுச் சில மாதங்கள் வெள்ளவத்தையிலே தங்கியிருந்த காலத்து, கரையோரப் புகையிரதத்தில் ஒருநாள் மாலை இங்கிலாந்து நாட்டு இளைஞன் ஒருவனும் யுவதி ஒருத்தியும் எனக்கு அறிமுகமாயினர். இருவரும் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு, வேலையில் அமருமுன் ஆறு மாதம் ஆசியாவைச் சுற்றப் புறப்பட்டவர்கள். கோட்டையிலிருந்து வரும் புகையிரதத்தின் வாசலிலே கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தனர். வலப்புறத்தே கடல் தண்டவாளத்துக்கு அண்மையில் வந்து அறைந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தை எப்பொழுது வருமென்று அவர்கள் வினவியபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. வழிகாட்டி நூல்கள் வெள்ளவத்தைக்கு அதிக இடம் கொடுப்பதில்லை. தோசைக் கடைகளும் சேலைக் கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த காலி வீதியைப் பார்க்க யாரும் கடல் கடந்து வருவதில்லை.

யுவதி காரணத்தைக் கூறினாள். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா இளமையில் அங்கு வாழ்ந்தார் என்பதை அவள் அறிந்திருந்தாள். அது உண்மையே. 1929இல் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத நிலையில் தம் நாட்டின் தூதராகக் கொழும்புக்கு வந்த நெருடா, வெள்ளவத்தைக் கடற்கரையோரத்திலே ஒரு சிறு வீட்டில் தனித்து வாழ்ந்தார். பின்னர் 1971இல் இலக்கியத்துக்கான நொபெல் பரிசு பெற்றார். அவருடைய காதற் கவிதைகளை அவள் மிக விரும்பிப் படித்திருந்தாள்.

புகையிரத நிலையத்தருகே கற்பாறைகளின்மேல் அமர்ந்து, அதே கவிஞர் எழுதிய இன்னொரு செய்தியை நான் அவர்களுக்குக் கூறினேன். நெருடா மறைந்தபின் 1974இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை நினைவுகளிலே வெள்ளவத்தை பற்றிய பகுதி உண்டு. அவ்வீட்டின் மலவாளியை எடுத்துச் செல்ல விடியற்காலையில் ஒரு தமிழ்ப் பெண் வருவாள். ஒடுக்கப்பட்ட சாதியினள். அவளுடைய அழகு கவிஞரை ஈர்த்தது. அவர் அழைத்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வைத்த பரிசுகளைத் தொடவில்லை. ஒருநாட் காலையில் அவர் அவளுடைய கையைப் பற்றித் தம் அறைக்கு இழுத்துச் சென்றார். அவள் இசைவின்றி நிகழ்ந்ததை, சிலையொன்றோடு கூடியது போன்றது என்று அவரே எழுதினார். அவள் தம்மை இகழ்ந்தது முறையே என்றும் எழுதினார். அப்பெண்ணின் பெயர் அந்நூலில் இல்லை. சிங்களத் திரைப்பட நெறியாளர் அசோக ஹந்தகம 2021இல் 'அல்பொராடா' என்னும் படத்தை இந்நிகழ்ச்சியை வைத்தே எடுத்தார்.

யுவதி நெடுநேரம் பேசவில்லை. பின், "அவர் அவளைப் பார்த்தார், ஆனால் காணவில்லை" என்ற கருத்துப்பட ஏதோ கூறினாள். ஊர் காண்பதிலே உள்ள ஆபத்து இதுவே எனத் தோன்றுகின்றது. கோயிலும் கோட்டையும் பார்க்கப்படுவதற்கென்றே நிற்பன. அவற்றைப் பார்த்துப் பழகிய கண், தெருவில் நிற்கும் மனிதரையும் அவ்வாறே பார்க்கத் தலைப்படுகின்றது. சிலைக்குப் பெயர் கேட்பாரில்லை; அதன் விருப்பத்தை வினவுவாரில்லை. மேனாட்டுப் பயணி மட்டுமே இக்குற்றத்துக்கு ஆளாவான் என்று நாம் கருதிவிடலாகாது. அந்தப் பெண் வெள்ளவத்தையில் வாழ்ந்த காலத்திலே அவளைத் தீண்டாதவள் என ஒதுக்கி வைத்தது நெருடாவின் சமூகமன்று, நம்முடையது.

மறுநாள் பிற்பகல் அவர்களைக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துச் சென்றேன். கொழும்பை உண்மையிலே காண விரும்புவோர் கொட்டாஞ்சேனையிலேதான் தொடங்கவேண்டும் என்பது என் துணிபு. செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் வரிசையைக் கடந்து கதிரேசன் கோயில்களைக் கண்டோம். ஆடிவேல் விழாவிலே தேர் இங்கிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் செல்லும் என்று கூறினேன். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கற் றூண்களை இளைஞன் தடவித் தடவிப் பார்த்தான். 1856இல் பொன்னம்பல முதலியார் எழுப்பிய அக்கோயிலை அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பிற்காலத்திற் கருங்கற் பணியாக மாற்றியமைத்தார். மேட்டின்மேல் 1757இல் திறக்கப்பெற்ற ஒல்லாந்தரின் வுல்ஃபென்டால் தேவாலயத்தையும், பெரிய குவிமாடத்தையுடைய புனித லூசியாள் பேராலயத்தையும் கண்டோம். ஒரு மணி நேர நடையிலே இத்தனை சமயங்களின் இத்தனை கட்டடங்களைத் தரும் பகுதி இத்தீவில் அரிது.

கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தினுள் அவர்கள் குரல் தாழ்ந்தது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களுள் இவ்வாலயமும் ஒன்று. அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலுமாக 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இங்கே வழிபட வந்த கொட்டாஞ்சேனைத் தமிழ்க் குடும்பங்களும், நட்சத்திர ஹோட்டல்களிலே காலையுணவு உண்டுகொண்டிருந்த வெளிநாட்டுப் பயணிகளும் ஒரே காலைப்பொழுதில் மாண்டனர். ஊரவர், புதியவர் என்ற வேறுபாட்டைச் சாவு அன்று பாராட்டவில்லை. இந்துக்களும் பௌத்தர்களும் இசுலாமியரும்கூட மெழுகுதிரி ஏற்றும் அந்த ஆலயத்தில், இங்கிலாந்து யுவதியும் ஒரு திரி வாங்கி ஏற்றினாள்.

அயலிலே ஓர் ஒடுங்கிய சந்தில் எனக்குத் தெரிந்த பழைய லொட்ஜ் ஒன்று இருந்தது. அதன் முகாமையாளர் யாழ்ப்பாணத்தவர். எழுபது வயதைக் கடந்தவர். எங்களுக்குத் தேநீர் தருவித்துவிட்டு, அவர்களுடைய முதுகுப் பைகளை நெடுநேரம் பார்த்திருந்தார்.

"தம்பி, இவையள் ஏன் வந்தவையாம்?" என்று என்னிடம் வினவினார்.

"சும்மா, ஊர் பார்க்க வந்தினமாம், ஐயா" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல காரணம். எங்கட பொடியளுக்கு அந்த நேரம் இந்தக் காரணம் வாயில வரேல்லை."

பின்னர் அலுமாரியிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்து விரித்தார். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம் எனப் பத்திகள் வகுக்கப்பட்டிருந்தன. கடைசிப் பத்தியை விரலாற் காட்டினார். கடவுச்சீட்டு, விசா நேர்முகம், கண் வைத்தியம், வெளிநாட்டு மாப்பிள்ளையைக் காண, தம்பியின் வழக்கு, கடவுச்சீட்டு, மீண்டும் கடவுச்சீட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஊர் பார்க்க வந்ததாக எழுதியவர் ஒருவரும் இலர். போர்க் காலத்திலே வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்த தமிழர் தங்கியவை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் இத்தகைய லொட்ஜுகளே. ஓரறையில் நாலைந்து கட்டில்கள். கட்டிலின் கீழ் ஒரு பயணப்பை. தலைமாட்டில் பத்திரங்கள் அடங்கிய ஒரு கோப்பு. இன்றைய பயணிகளின் விடுதி அறையும் அன்றைய லொட்ஜ் அறையும் அமைப்பில் ஏறத்தாழ ஒன்றே. படுத்திருப்போர் மனத்திலேதான் வேறுபாடு.

2007 ஜூன் 7ஆம் நாள் விடியுமுன் பொலிஸார் இந்த லொட்ஜுகளின் கதவுகளைத் தட்டினர். கொழும்பிலே தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதோர் என்று கூறப்பட்ட 300க்கும் மேற்பட்ட தமிழர், முதியோரும் பெண்களும் உட்பட, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே இவ்வெளியேற்றத்தைத் தடுத்து நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. சில நாட்களில் பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். இவை பத்திரிகைகளும் நீதிமன்றப் பதிவுகளும் அறிந்த செய்திகள். அவற்றில் வராத ஒன்றை முகாமையாளர் கூறினார். "பஸ்ஸில ஏறேக்க ஒரு கிழவி என்னைப் பார்த்து, 'தம்பி, நான் செருப்பை விட்டிட்டன், எடுத்து வையும், வந்து வாங்கிறன்' எண்டவ. மூண்டு கிழமையால வந்து வாங்கினவ." செருப்பை வாங்க அவர் வந்தார் என்பதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு பெருமிதம் காணப்பட்டது.

அன்றிரவு நாங்கள் கோட்டையிலே மூன்று மதுச்சாலைகளுக்குச் சென்றோம். அவர்கள் பியரும், தென்னஞ் சாராயத்தோடு இஞ்சிப் பானம் கலந்ததும் அருந்தினர். மதுவருந்தும் பழக்கமில்லாத நான் இஞ்சிப் பானத்தை மட்டும் அருந்தினேன். மூன்றாவது இடத்தில் இளைஞன் ஒரு வினா எழுப்பினான். "இங்கெல்லாம் உங்கள் நண்பர்களோடு வருவதில்லையா?" குடியைப் பற்றி அவன் வினவவில்லை, இரவிலே நகரில் நோக்கமின்றித் திரிவதைப் பற்றியே வினவினான். எம் தலைமுறையினர் வீட்டை விட்டுப் புறப்படுகையிற் படலையில் நின்று தாய்மார் கூறும் கடைசிச் சொல் "கவனமாய்ப் போ" என்பதன்று, "ஐசி எடுத்தனியோ?" என்பதே என அவனுக்கு விளக்கினேன். ஐசி என்பது அடையாள அட்டை. 1983 ஜூலையில் வெள்ளவத்தைக் கடைகளும் வீடுகளும் எரிந்தபின்னர், கொழும்புத் தமிழன் தன் நகரத்தைக் குறித்த காரியங்களுக்கான இடமாக மட்டுமே பயன்படுத்தப் பழகிக்கொண்டான். அலுவலகம், கோயில், சந்தை, வீடு. இருட்டுமுன் வீடு. காரணமின்றி ஒரு தெருவில் நிற்பது அவனுக்கு இன்பமாயில்லை. விளக்கமளிக்க வேண்டிய செயலாயிற்று.

இளைஞன் மெல்லக் கூறினான்: "இந்நாட்டுக்குள் வரும்போது என்னிடமும் காரணம் கேட்டார்கள். சுற்றுலா என்று ஒரு சொல் எழுதினேன். அது போதுமாயிருந்தது."

அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பின்னர் பலமுறை சிந்தித்திருக்கின்றேன். கையிலே காசும் வலிமை வாய்ந்த கடவுச்சீட்டும் உடையவனுக்கு நோக்கமின்மையே ஒரு நோக்கமாக ஏற்கப்படுகின்றது. சொந்த நாட்டின் இன்னொரு மாவட்டத்திலிருந்து வந்தவனுக்கு அது குற்றமாக எண்ணப்பட்டது. அக்காலம் இன்று இல்லை. வெள்ளவத்தை லொட்ஜுகளின் கதவுகளை இப்போது எவரும் விடியற்காலையில் தட்டுவதில்லை. ஆனால் அச்சம் சட்டத்தைப்போல ஒரு கட்டளையால் நீங்குவதன்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்புக்கு வரும் நம் மாணவருள் எத்தனை பேர் வுல்ஃபென்டால் தேவாலயத்தை ஏறிப் பார்த்திருக்கின்றனர்? தேசிய நூதனசாலையை? கொம்பனித்தெருவின் மாலை நேரத்தை? சான்றிதழ் எடுக்க வந்தோம், எடுத்தோம், இரவு பஸ்ஸிற் திரும்பினோம் என்பதே பெரும்பாலோரின் கொழும்புப் பயணம்.

இதிலே ஒரு வியப்பும் உண்டு. அந்த லொட்ஜுகளிலே கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தோருட் பலர் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தனர். அங்கே பிறந்து வளர்ந்த அவர்தம் பிள்ளைகள் இன்று விடுமுறையிலே முதுகுப் பையோடு வருகின்றனர். குடிவரவு மேசையில் அவர்களும் சுற்றுலா என்றே எழுதுகின்றனர். தந்தையிடம் ஏற்கப்படாத விடை மகளிடம் ஏற்கப்படுகின்றது. வெள்ளவத்தைக் கடலோரத்தில் நின்று, தன் தந்தை எந்த ஒழுங்கையிலே தங்கியிருந்தார் என்று தொலைபேசியில் விசாரிக்கும் யுவதியரை நான் கண்டதுண்டு. அவர்களுக்கு ஊர் காண்பது வெறும் பொழுதுபோக்கன்று. விடுபட்ட ஒரு பக்கத்தை நிரப்பும் முயற்சியாகும்.

முதுகுப்பைப் பயணிகளை நாம் எள்ளி நகையாடுவது எளிது. அழுக்கு உடை, மலிவு உணவு, இரவெல்லாம் குடி என்று அவர்களைக் குறைகூறும் கட்டுரைகள் பல எழுதப்பட்டுள்ளன. அவர்களுட் சிலர் மனிதரைச் சிலைகளாகப் பார்க்கின்றனர் என்பதும் மெய்யே. வெள்ளவத்தைக்கு அதன் கசப்பு நன்கு தெரியும். ஆயினும் அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றும் உண்டு. காரணம் எதுவுமின்றி ஒரு நகரத்தின் நடுவே நடந்துசெல்லலாம் என்று அவர்கள் ஐயமின்றி நம்புகின்றனர். அந்த நம்பிக்கை செல்வரின் ஆடம்பரம் என்று சிலர் கூறக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. வாக்குரிமையையும் மொழியுரிமையையும் போல, காரணமின்றித் தெருவில் நிற்பதும் குடிமகன் ஒருவனது உரிமையே. அது கிட்டாத இடத்தில் ஏனைய உரிமைகள் ஏட்டளவில் நிற்பனவாம்.

ஆதலின் நம் மாணவர் அடுத்த முறை கொழும்புக்குச் செல்கையில் அலுவல் முடிந்ததும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குதல் வேண்டும். கொட்டாஞ்சேனை மேட்டில் ஏறவேண்டும்; செட்டியார் தெருவில் எதையும் வாங்காமல் நடக்கவேண்டும்; வெள்ளவத்தைப் பாறைகளில் இருட்டும்வரை இருந்து, வழியிலே எதிர்ப்படுவோரின் பெயரைக் கேட்டறிந்து பேசவேண்டும். அவ்வாறு செய்வோரின் தொகை பெருகப் பெருக, லொட்ஜுப் பதிவேட்டின் கடைசிப் பத்தியிலே ஒரு தமிழ் மாணவன் தன் கையால் 'ஊர் பார்க்க' என்று எழுதுவது எவருக்கும் புதுமையாகத் தோன்றாத காலம் வரும். அதை எழுதியபின் அவன் பேனாவை மூடிவைத்துவிட்டு அமைதியாக உறங்கவும் வேண்டும்.